வக்கீல் படிப்பு: வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு?

 

சென்ற மாதம் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பின் திண்டிவனத்துப் பள்ளிவாசல் ஒன்றின் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தேன். பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் என்னருகே வந்து ஸலாம் சொல்லி அமர்ந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் அவருடைய மகனின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் இருந்தது. அதனோடு மூன்று காகிதங்களும் இருந்தன. ஒன்று, விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரியைப் பற்றி யாரோ குறித்துக் கொடுத்த துண்டுச் சீட்டு. இன்னொன்று, திண்டிவனத்துத் தனியார் சட்டக் கல்லூரியைப் பற்றிய விவரம். மூன்றாவது, வெளியூர் நிறுவனம் ஒன்றின் பளபளப்பான வண்ணக் கையேடு. குளிரூட்டிய வகுப்பறை, மாதிரி நீதிமன்றம், நீச்சல் குளம் எல்லாம் அதில் படமாக இருந்தன.

"ஹஜ்ரத், பையனை வக்கீலுக்குப் படிக்கவைக்க நிய்யத் வைத்திருக்கிறேன். எங்கே சேர்க்கலாம் என்று நீங்கள் சொல்லுங்கள். மகள் நிக்காஹ்வுக்காக ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கிறேன். தேவையென்றால் அதைக் கொடுத்துவிடலாம்" என்றார்.

இத்தகைய கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லிப் பழகியவன் நான். ஆனால் அன்று நாக்கு எழவில்லை. "அடுத்த ஜும்ஆவுக்கு வாருங்கள் பாய், பேசுவோம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். காரணத்தை உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு வேறொரு தகப்பனார் வந்தார். அவர் மகன் என்னிடம் ஓதிய பிள்ளை; நல்ல அறிவாளி. "கல்விக்குக் கணக்குப் பார்க்காதீர்கள், அல்லாஹ் பரக்கத் செய்வான்" என்று மேடையில் பேசுவதுபோல் பேசினேன். அவர் இருந்த கொஞ்ச நிலத்தை விற்றார். மீதிக்கு வங்கிக் கடன் வாங்கினார். பையன் வெளியூரில் ஐந்தாண்டுகள் படித்துப் பட்டம் பெற்றான். சென்னையில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தான். அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டிலிருந்தே பணம் போக வேண்டியிருந்தது. இரண்டாண்டுகள் தாக்குப் பிடித்தான். கடன் தவணை கழுத்தை நெரித்தபோது, வளைகுடாவில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்குப் போய்விட்டான். கறுப்பு அங்கி இன்று அவன் வீட்டுப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

அந்தத் தகப்பனார் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசியதில்லை. வெள்ளிதோறும் ஸலாம் சொல்லிவிட்டுப் போகிறார். அந்த ஸலாம்தான் என்னைச் சுடுகிறது. பரக்கத்தைத் தருபவன் அல்லாஹ், அதில் ஐயமில்லை. ஆனால் கணக்குப் பார்க்க வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியது. அதை ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிற நானே, ஒரு குடும்பத்தின் ஐந்தாண்டுச் செலவைத் தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லவில்லை.

ஆகவே இம்மாதம் இந்தப் பகுதியில், நாமெல்லாரும் சேர்ந்து அந்தக் கணக்கை எழுதிப் பார்ப்போம்.

நம் பகுதிக்குக் கல்லூரி வந்த கதை

தமிழகத்தின் முதல் அரசு சட்டக் கல்லூரி 1891-இல் சென்னையில் தொடங்கியது. மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி என்று பின்னர் அது கிளை விரித்தது. செங்கல்பட்டுக்கும் வேலூருக்கும் இந்த நூற்றாண்டில்தான் வந்தது. தென்னார்க்காட்டைப் பிரித்து 1993-இல் விழுப்புரம் மாவட்டம் உருவான பிறகும், இங்குள்ள பிள்ளைகள் சட்டம் படிக்கப் புதுச்சேரிக்கோ செங்கல்பட்டுக்கோ சென்னைக்கோதான் போயாக வேண்டியிருந்தது.

தனியார் துறையில் சேலத்துச் சட்டக் கல்லூரி ஒன்றே நெடுங்காலம் இருந்தது. தனியார் சட்டக் கல்லூரிகள் புதிதாகத் தொடங்குவதைத் தடைசெய்து 2014-இல் தமிழக அரசு ஒரு சட்டம் இயற்றியது. திண்டிவனத்தில் கல்லூரி தொடங்க விரும்பிய வன்னியர் கல்வி அறக்கட்டளை அதை எதிர்த்து வழக்காடியது. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடைச் சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தது. அடுத்த ஆண்டே, 2017-இல், விழுப்புரம், தருமபுரி, இராமநாதபுரம் ஆகிய மூன்று ஊர்களில் அரசு சட்டக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. திண்டிவனத்தில் சரஸ்வதி சட்டக் கல்லூரியும் தொடங்கியது. இன்று ஏறத்தாழ 40 கிலோமீட்டர் இடைவெளியில் நமக்கு ஓர் அரசுக் கல்லூரியும் ஒரு தனியார் கல்லூரியும் இருக்கின்றன. இரண்டும் 1997-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை.

நம் பாட்டனார் காலத்தில் கனவிலும் காணாத வசதி இது. எனினும் வாசலருகே கல்லூரி வந்துவிட்டதாலேயே படிப்பு மலிவாகிவிட்டது என்று எண்ணுவது பிழை. கல்லூரிச் செலவு வேறு, வக்கீல் ஆகும் செலவு வேறு.

முதற் கணக்கு: படிக்கும் காலம்

அரசு சட்டக் கல்லூரிகளில் கட்டணம் ஆயிரக் கணக்கில்தான் இருக்கும். இலட்சக் கணக்கில் அன்று. பிளஸ் டூ முடித்தவர்க்கு ஐந்தாண்டுப் படிப்பு. பட்டம் பெற்றவர்க்கு மூன்றாண்டுப் படிப்பு. இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு இல்லை; மதிப்பெண் அடிப்படையில் பல்கலைக்கழகமே கலந்தாய்வு நடத்துகிறது. 2007 முதல் நடைமுறையிலுள்ள பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இங்கும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை தரும் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சட்டப் படிப்பும் அடங்கும். இவற்றை அறியாமல் முதலிலேயே பணம் கட்டும் இடத்திற்கு ஓடுகிறவர்கள் நம்மில் பலர்.

அதே பல்கலைக்கழகம் சென்னையில் நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளியில் கட்டணம் அதைவிடக் கூடுதல். பெங்களூர், திருச்சி போன்ற இடங்களிலுள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அங்கே ஆண்டுச் செலவு இரண்டு, மூன்று இலட்சத்தைத் தாண்டிப் போகும்.

ஓர் உதாரணக் கணக்கு எழுதுவோம். திண்டிவனத்துப் பையன் ஒருவன் வீட்டிலிருந்தே விழுப்புரத்துக்குப் போய் வருகிறான். கட்டணம், புத்தகம், பயணம், வெள்ளைச் சட்டை, மதியச் சோறு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 40,000 ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டுக்கு 2 இலட்சம். இன்னொருவன் வெளியூரில் ஆண்டுக்கு 2 இலட்சம் கட்டணத்தில் சேர்கிறான். விடுதிக்கும் உணவுக்கும் 1 இலட்சம். ஐந்தாண்டுக்கு 15 இலட்சம். இடையிலுள்ள வேறுபாடு 13 இலட்சம். உங்களுக்குக் கிடைத்த உண்மையான தொகைகளை இதே முறையில் எழுதிப் பாருங்கள். தனியார் கல்லூரியாயின் கட்டணத்தை வாய்மொழியாகக் கேளாமல் எழுத்தில் கேளுங்கள். ஐந்தாண்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள்; தேர்வுக் கட்டணம், பேருந்துக் கட்டணம், நூலகக் கட்டணம் தனியா என்றும் கேளுங்கள்.

இரண்டாம் கணக்கு: பட்டத்திற்குப் பின்

முதற் கணக்கோடு நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. மருத்துவமோ ஆசிரியப் பயிற்சியோ போன்றதன்று இது. பட்டம் கைக்கு வந்த அன்று வக்கீலின் வருமானம் தொடங்குவதில்லை. அன்றுதான் அவருடைய பயிற்சி தொடங்குகிறது.

முதலில் வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். முன்பு பல மாநிலங்களில் இதற்கே பல ஆயிரங்களை வாங்கினார்கள். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தில் கண்டபடி பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாயும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாயும்தான் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல். பின்னர் அகில இந்திய வழக்கறிஞர் தேர்வில் தேற வேண்டும். அந்தத் தேர்வு செல்லும் என்று அரசியல் சாசன அமர்வு 2023-இல் உறுதி செய்துவிட்டது.

அதற்குப் பிறகு சீனியரிடம் சேர்ந்து தொழில் கற்க வேண்டும். கட்டு சுமக்க வேண்டும். வாய்தா வாங்க வேண்டும். நகல் மனு போட வேண்டும். பிராது எழுதக் கற்க வேண்டும். முன்பு ஜூனியருக்கு என்ன கொடுப்பது என்பதற்கு வரையறை எதுவும் இல்லை. சீனியர் மனம் வைத்துக் கொடுப்பதுதான். சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் இதைக் கவனத்தில் எடுத்தது. அதையொட்டி, சென்னை, மதுரை, கோவை ஆகிய நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்த அளவாகத் தர வேண்டும் என்று தமிழ்நாடு, புதுச்சேரி வழக்கறிஞர் மன்றம் சுற்றறிக்கை விட்டது. நல்ல செய்திதான். ஆனால் காகிதத்தில் இருப்பது கைக்கு வருகிறதா என்பதை உங்கள் ஊர் நீதிமன்ற வாசலில் நிற்கும் இளம் வக்கீல்கள் நால்வரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிறு ஊர்களில் சில சீனியர்களுக்கே மாதம் எப்படிப் போகும் என்பது நிச்சயமில்லை.

சரி, 15,000 முழுதாகக் கிடைக்கிறது என்றே கொள்வோம். 15 இலட்சம் செலவழித்தவன், உண்ணாமல் உடுக்காமல் அந்தப் பணத்தை அப்படியே சேர்த்து வைத்தாலும், போட்ட முதலை எடுக்க 100 மாதங்கள் ஆகும். அதாவது எட்டாண்டு நான்கு மாதம். இதில் வட்டி சேரவில்லை. வட்டி நமக்கு ஹராம் என்பது ஒருபுறமிருக்க, வருமானம் தாமதமாக வரும் ஒரு தொழிலுக்காக, தவணை தாமதிக்காத கடனை வாங்குவது உலகக் கணக்கிலும் அறிவுடைமையன்று.

மாறாக 2 இலட்சத்தில் படிப்பை முடித்தவனுக்கு, முதல் மூன்றாண்டுகள் வீட்டார் மாதம் 8,000 ரூபாய் கொடுத்துத் தாங்கினாலும் 2,88,000 ரூபாய்தான் ஆகும். படிப்பும் பயிற்சியும் சேர்ந்து 5 இலட்சத்துக்குள் அடங்கிவிடும். முதலாமவன் வக்கீலாக நிலைக்குமுன் வேறு வேலைக்கு ஓடுகிறான். இரண்டாமவன் நிலைத்து நிற்கிறான். நான் அன்று சொல்லத் தவறியது இதைத்தான். கல்லூரிக்கே எல்லாப் பணத்தையும் கொட்டிவிடாதீர்கள்; பட்டத்திற்குப் பிறகு வரும் மூன்று வறட்சி ஆண்டுகளுக்கு ஒரு பங்கை எடுத்து வையுங்கள்.

அரசு வேலைகளும் காத்திருப்பும்

"வக்கீல் தொழில் வேண்டாம், நீதிபதித் தேர்வு எழுதட்டும்" என்பார் உண்டு. சிவில் நீதிபதித் தேர்வு எழுதக் குறைந்தது மூன்றாண்டு வழக்காடிய அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று தீர்ப்பளித்திருக்கிறது. அரசு உதவி வழக்கறிஞர் பணிக்கு ஐந்தாண்டு அனுபவம் கேட்கிறார்கள். நோட்டரி ஆவதற்குப் பொதுவாகப் பத்தாண்டு; பெண்களுக்கும் பிற்படுத்தப்பட்டோர்க்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் ஏழாண்டு. ஆக, எந்த வாசலில் நுழைவதாயினும் அந்த மூன்றாண்டு வறட்சியைக் கடந்தே ஆக வேண்டும். வங்கிகளிலும் நிறுவனங்களிலும் சட்ட அலுவலர் பணிகள் உண்டு. ஆனால் அவை கொஞ்சம், போட்டியோ மிகுதி.

பெரிய பெயருள்ள கல்லூரிகளால் பயனே இல்லையா என்று கேட்பீர்கள். நியாயமாகச் சொல்ல வேண்டும். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் முன்னணியில் உள்ளவற்றுக்குப் பெரிய நிறுவனங்கள் நேரில் வந்து ஆள் எடுக்கின்றன. நுழைவுத் தேர்வில் உயர்ந்த இடம் பெற்று, உதவித்தொகையும் கிடைக்கும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். நான் எச்சரிப்பது இடைப்பட்டவற்றைப் பற்றித்தான். கட்டணம் தேசியப் பல்கலைக்கழகத்தினுடையதாக இருக்கும். வேலைவாய்ப்போ ஊர்க் கல்லூரியினுடையதாக இருக்கும். அப்படிப்பட்ட இடம்தானா என்று அறிய, அங்கே சென்ற ஆண்டு படித்து முடித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கையேட்டில் உள்ள நான்கு புன்னகை முகங்களைக் காட்டினால், வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

விழுப்புரம், திண்டிவனம் நீதிமன்றங்களில் வேலைக்குப் பஞ்சமில்லை. பாகப் பிரிவினை, வாடகை, காசோலை, குடும்ப வழக்குகள் எங்கும் உள்ளவை. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையும் புதுச்சேரி, திருவண்ணாமலைச் சாலைகளும் கூடும் பகுதி இது. ஆகவே விபத்து இழப்பீட்டு வழக்குகளும் உண்டு. திண்டிவனத்தில் சிப்காட் வந்த பிறகு நில ஆவணம் படிக்கத் தெரிந்தவரின் தேவையும் கூடியிருக்கிறது. இந்த வழக்குகளில் எந்தக் கட்சிக்காரரும் வக்கீலிடம் "எந்தக் கல்லூரி?" என்று கேட்பதில்லை. பத்திரத்தைப் படிக்கத் தெரியுமா, சொன்ன நேரத்தில் வருவாரா, வாங்கிய பணத்துக்கு உண்மையாக உழைப்பாரா என்றுதான் பார்க்கிறார்கள்.

ஆனால் ஒன்று. கீழமை நீதிமன்றங்களில் தமிழ் போதும். உயர் நீதிமன்றத்திற்கு ஆங்கிலம் வேண்டும். ஊர்க் கல்லூரியில் சேரும் பிள்ளை ஆங்கிலத்தைத் தானாக முயன்று வளர்த்துக்கொள்ள வேண்டும். கட்டணத்தில் மிச்சமாவதில் ஒரு சிறு பங்கை அதற்குச் செலவிடலாம். இன்னொன்று: 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் புதிதாகிவிட்டன. மலிவு என்று பழைய புத்தகக் கடையில் வாங்கும்போது இதைக் கவனியுங்கள்.

சேர்க்குமுன் கேட்க வேண்டியவை

ஒன்று: கல்லூரிக்கும் படிப்புக்கும் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் அங்கீகாரம் இந்த ஆண்டும் இருக்கிறதா? தபால் வழியில் படித்த சட்டப் பட்டத்தை வைத்து வக்கீலாகப் பதிய முடியாது. "வந்து போக வேண்டாம், சான்றிதழ் வாங்கித் தருகிறோம்" என்று வெளிமாநிலக் கல்லூரியைக் காட்டுகிறவர் உங்கள் பணத்தையும் பிள்ளையின் ஆண்டுகளையும் சேர்த்துத் திருடுகிறார்.

இரண்டு: ஐந்தாண்டா, மூன்றாண்டா? மனம் உறுதிப்படாத பிள்ளை திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலோ விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலோ ஒரு பட்டம் பெற்று, பின்னர் மூன்றாண்டுச் சட்டம் படிக்கலாம். ஓராண்டு கூடும், ஆனால் இடையில் மனம் மாறினாலும் கையில் ஒரு பட்டம் இருக்கும்.

மூன்று: பணம் எங்கிருந்து வருகிறது? ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையின் உரிமையைத் தொடுகிறோமா? பிள்ளைகளுக்கிடையே நீதமாக நடந்துகொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெற்றோரை வலியுறுத்தினார்கள். மகளின் மனையை விற்று மகனைப் படிக்கவைப்பதற்குமுன் மகளிடம் கேட்டீர்களா?

நான்கு: அந்த மகளே சட்டம் படிக்கட்டுமே என்று ஏன் நினைக்கவில்லை? விடுதிக்கு அனுப்பத் தயங்கும் குடும்பங்களுக்கு ஊரருகே வந்த கல்லூரி ஓர் அருட்கொடை. இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஒரு முஸ்லிம் பெண்மணி என்பது நமக்குப் பெருமை. 1997 முதல் 2001 வரை தமிழக ஆளுநராகவும் இருந்த ஃபாத்திமா பீவி அம்மையார்தான் அவர். தகப்பனாரின் விருப்பப்படி சட்டம் படித்து, 1950-இல் பதிவு செய்து, கொல்லத்தின் கீழமை நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கினார். எட்டாண்டுகளுக்குப் பின் முன்சீப். 1989-இல் உச்ச நீதிமன்றம். அவருடைய பயணமும் ஒரு சிற்றூர் நீதிமன்ற வாசலிலிருந்துதான் புறப்பட்டது.

ஐந்தாவது கேள்வியை இறுதியில் சொல்கிறேன்.

ஜமாஅத்தின் கடமை

வாரிசுரிமையில் யாருக்கு எத்தனை பங்கு என்று கேட்டு என்னிடம் வருகிறவர்கள் பலர். ஃபராயிள் கணக்கைப் போட்டுத் தந்துவிடுவேன். அண்ணன் கொடுக்க மறுத்தால் தங்கை என்ன செய்வாள்? என் கணக்குத் தாளை வைத்துக்கொண்டு அவள் நீதிமன்றத்திற்குத்தான் போக வேண்டும். 2025-இல் வக்ஃப் சட்டம் திருத்தப்பட்டு, சொத்து விவரங்களை இணையதளத்தில் பதிய வேண்டும் என்றானபோது, பழைய பத்திரங்களைப் பையில் போட்டுக்கொண்டு, அவற்றைப் படித்துச் சொல்ல ஆள் தேடி அலைந்த முத்தவல்லிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "நம்மில் வக்கீல்கள் இல்லையே" என்று அப்போது வருந்தினோம். அவர்களை உருவாக்க நாம் என்ன செய்தோம்?

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் வரலாற்றை அரபிக் கல்லூரி மாணவர் யாவரும் அறிவர். ஏழை வீட்டுப் பிள்ளை. சம்பாதிக்க வேண்டிய வயதில் பாடத்தில் உட்கார்ந்திருக்கிறானே என்று வீட்டார் கவலைப்பட்டார்கள். பட்டு வணிகரான இமாம் அவர்கள் அதை அறிந்து, தம் கையிலிருந்தே பணப்பையைக் கொடுத்து, தீர்ந்ததும் சொல்லும்படி கூறி, ஆண்டுக்கணக்கில் தாங்கினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அந்த ஏழை மாணவரே பிற்காலத்தில் கலீஃபா ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமை நீதிபதியானார். இமாம் அவர்கள் செய்தது என்ன? பாடம் சொல்லிக் கொடுத்ததோடு நின்றுவிடாமல், அந்த வறட்சி ஆண்டுகளையும் சேர்த்துத் தாங்கினார்கள்.

நாமும் செய்யலாம். 200 வீடுகள் உள்ள மஹல்லாவில் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என்றால் 10,000 ரூபாய் சேரும். வாரத்துக்கு ஒரு தேநீர்க் காசுதான். மூன்றாண்டுகளுக்கு ஓர் இளம் வக்கீலை அது தாங்கிவிடும். அவர் பைத்துல்மாலுக்கு அதை அழகிய கடனாக எண்ணித் தம்மால் முடிந்தபோது திருப்பட்டும். அதுவரை வாரம் ஒருநாள் பள்ளிவாசல் அறையில் அமர்ந்து, ஏழைகளுக்கும் விதவைகளுக்கும், எந்தச் சமயத்தவராயினும், மனு எழுதிக் கொடுக்கட்டும். அந்தப் பிள்ளை ஜகாத் பெறத் தகுதியுள்ளவரா என்பதை அவரவர் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளியலாம். ஆண்டு விழாப் பந்தலுக்குச் செலவிடும் தொகையைக் குறைத்தாலே போதும் என்று சில ஊர்களைப் பற்றி எனக்குத் தோன்றுவதுண்டு; நான் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

ஐந்தாவது கேள்வி

அடுத்த ஜும்ஆவுக்கு அந்தப் பாய் மகனோடு வந்தார். மேலே எழுதிய கணக்கையெல்லாம் ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். அவர் நீண்ட நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் ஒன்று உறைத்தது. தகப்பனார் ஆசைப்பட்டார், நான் கணக்குப் போட்டேன், பையனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"தம்பி, உனக்கு வக்கீலாக விருப்பமா?" என்றேன்.

"தெரியாது ஹஜ்ரத்" என்றான். உண்மையான பதில்.

"நீதிமன்றத்தைப் பார்த்திருக்கிறாயா?"

"இல்லை."

நீதிமன்றங்கள் திறந்த மன்றங்கள். அமைதியாகப் பின்னால் அமர்ந்து யாரும் பார்க்கலாம். நான்கு நாள் திண்டிவனம் நீதிமன்றத்திற்குப் போய் உட்கார்ந்துவிட்டு வரும்படி சொன்னேன். பேருந்துக் காசைத் தவிர வேறு செலவில்லாத பாடம் அது.

நான்காம் நாள் மாலை மக்ரிபுக்கு வந்தான். சினிமாவில் வருவதுபோல் யாரும் உரக்கப் பேசவில்லை என்றான். பெரும்பாலான வழக்குகள் இரண்டு நிமிடத்தில் தள்ளிப்போயின என்றான். ஒரு மூதாட்டி முந்தானையில் முடிந்த பணத்தோடு வந்து, தேதி மாற்றியதுகூடப் புரியாமல், மாலைவரை மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாராம். இவன்தான் போய், அடுத்த வாய்தா எந்தத் தேதி என்று குமாஸ்தா ஒருவரிடம் கேட்டு, ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தானாம்.

"விழுப்புரத்துக்கே விண்ணப்பம் போடலாம் ஹஜ்ரத். இடம் கிடைக்காவிட்டால் முதலில் பி.ஏ. சேர்கிறேன், அக்காவின் மனை இருக்கட்டும்" என்றான்.

அவனுக்கு இடம் கிடைக்குமா என்பது அல்லாஹ்வின் நாட்டம், கலந்தாய்வு இனிமேல்தான். ஆனால் பிள்ளைகளைச் சேர்க்குமுன் கேட்க வேண்டிய ஐந்தாவது கேள்வியைப் பெற்றோர்களே, நீங்கள் மறந்துவிடாதீர்கள். பணத்தை எண்ணுவதற்கு முன் பிள்ளையைக் கேளுங்கள். கேட்பதற்கு முன், அவன் எதைத் தேர்ந்தெடுக்கப் போகிறானோ அதைக் கண்ணால் பார்க்க அனுப்புங்கள்.

நமக்கே எதிராக இருந்தாலும் நீதியில் நிலைத்து நிற்கும்படி திருமறை நமக்குக் கட்டளையிடுகிறது. அந்த நீதியைத் தேடி நிற்கும் எளியவர்களுக்குத் துணை நிற்கும் பிள்ளைகளை, கடன் சுமையின்றி, நம் வீடுகளிலிருந்து வல்ல அல்லாஹ் எழுப்புவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.